பிஸ்கட் டப்பாவும் பித்தளைக் குழாயும்

பிற்பகல் இரண்டு மணி. ஜனவரி மாதம், எங்கள் ஊரில் அதுதான் உச்சக் கோடை. உப்பு ஏரியை ஒட்டிப் போகிற செம்மண் சாலை… ஈ காக்கை கிடையாது என்று சொல்ல ஆசைதான். ஈ இருந்தது. காக்கை இல்லை. ஆளும் இல்லை.

பேய்க் கதைக்கு நடுநிசி வேண்டாமா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஆளைக் கொல்வது இருட்டு அல்ல, வெயில். ஆகவே எங்கள் ஊர்ப் பேயும் வெயிலில்தான் நடக்கும். அந்த விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள்… போதும், என் மடியில் வேண்டாம்.

எல்லாம் அன்று காலையில் ஆரம்பித்தது. ஆரம்பித்து வைத்தவன் நான்.

இதே முகாம்தான். ஆட்டுரோமம் கத்தரிக்கிற இதே கொட்டகைதான். பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்தேன். பின்னால் மழைத்தண்ணீர் டாங்க் இருந்தது. அது அறுபது வருஷமாக அங்கேதான் இருக்கிறதாம், நான்தான் கவனிக்கவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பித்தளைக் குழாய் கழுத்தோடு முறிந்து புழுதியில் கிடக்கிறது. முகாமின் மொத்தத் தண்ணீரும் அந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து முயல் வளைகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரலை வைத்து அடைக்கப் பார்த்தேன். அந்தக் காட்சியை இதோ இந்த வான்டா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். கேட்டால் இப்போதே காட்டுவாள். கேட்காதீர்கள்.

"யோவ் வாத்தியாரே," என்றாள் அன்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "தெளிவா யோசிக்கக் கத்துக்குடுக்கறேன்னு இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து, பல்லு விளக்கத் தண்ணி இல்லாம ஆக்கிட்டியே."

"தெரிஞ்சா செஞ்சேன்?"

"தெரிஞ்சு செஞ்சிருந்தா இவ்வளவு கச்சிதமா உடைச்சிருக்க மாட்ட."

நான் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு வான்டாவும் நானும் சேர்ந்து இந்தச் சங்கத்தை ஆரம்பித்தோம். எதையும் உடனே நம்பாதே, எவ்வளவு நம்புகிறாய் என்று முதலில் உன்னையே கேள், பிறகு சோதித்துப் பார். இவ்வளவுதான் எங்கள் வேதம். காலையிலிருந்து உங்களுக்கும் பழகியிருக்கும். யாராவது ஒன்றைச் சொன்னால் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். மூன்று எண்ணியதும், எவ்வளவு நம்புகிறோமோ அத்தனை விரலைத் தூக்க வேண்டும். கண்ணை மூடுவது எதற்கு? பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்காமல் இருக்கத்தான். பத்து விரலும் கூடாது, மூடிய கையும் கூடாது. முழுதாக நம்புகிறவனும் முழுதாக மறுக்கிறவனும் யோசிப்பதை நிறுத்திவிட்டவர்கள். பத்து காட்டினால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அவர் தலையில்.

நல்ல பழக்கம். ஒரே தொல்லை, எங்கள் கூட்டத்தில் யாரிடமும் நேரான பதில் வாங்க முடியாது. நான் ஒரு தடவை என் மனைவியிடம், "என்னைப் பிடிக்குமா?" என்று கேட்டேன். ஆறு விரல் காட்டினாள். மறு வருஷம் நாலு. அதற்கு மறு வருஷம் விரல் காட்ட ஆள் இல்லை. இப்போது டவுனில் தனியாகத்தான் இருக்கிறேன். அதை விடுங்கள்.

இந்தக் கதை எனக்கு நடந்தது அல்ல. அப்படித்தான் இத்தனை நாளாகச் சொல்லி வருகிறேன். நடந்தது வான்டாவின் தம்பிக்கு. அதோ, தேநீர்க் கெட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, மெர்வ். காலையில் உங்களுக்கு விரல் காட்டச் சொல்லிக்கொடுத்தவன். அவனை வைத்துக்கொண்டே சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அனுமதி கேட்டுவிட்டேன். ஏழு விரல் காட்டினான்.

மெர்வுக்குத் தண்ணீர் லாரி. பண்ணை பண்ணையாகப் போய் ஊற்றுகிற தொழில். அவன் மனைவி கோரல்… நல்ல பெண். சத்தமாகச் சிரிப்பாள். தேங்காய் வாசனை வருகிற வெயில் களிம்பை முகத்தில் அப்பிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடுதான் எங்கேயும் வருவாள், தேவாலயத்துக்குக்கூட. அந்தச் செருப்புச் சத்தத்தை வைத்தே கோரல் வருகிறாள் என்று டவுனில் சொல்லிவிடலாம். தப்… தப்… தப்…

முந்தைய கோடையில் அவர்கள் கார் ஏரி ஓரத்துச் சேற்றில் புதைந்தது. மேலே உப்புப் பாளம், கீழே களி. பாளம் உடைந்தால் அச்சு வரைக்கும் உள்ளே போகும். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: வண்டியை விட்டு நகராதே. தேடி வருகிறவர்கள் முதலில் வண்டியைத்தான் பார்ப்பார்கள். மெர்வ் விதியைச் சொன்னான். கோரல் கேட்கவில்லை. "பக்கத்துலதான் ஆட்டுத் தொட்டி இருக்கு, தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்" என்று இறங்கி நடந்தாள். பிற்பகல் இரண்டு மணி. மெர்வ் வண்டியிலேயே இருந்தான். சரியானதைச் செய்தான். அதனால் பிழைத்தான்.

அவளை மறுநாள் கண்டுபிடித்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில். குழாயின் திருகு முழுக்கத் திறந்திருந்தது. விரல்கள் அதன் மேலேயே இருந்தன. அந்தத் தொட்டி இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்தது.

அதற்கப்புறம்தான் மெர்வ் தினமும் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் லாரியை நிறுத்த ஆரம்பித்தான். கோரல் வருகிறாள் என்றான். செருப்புச் சத்தம் கேட்கிறது, களிம்பு வாசனை வருகிறது, பேசுகிறாள் என்றான். ஊர் சிரித்தது. வான்டா சிரிக்கவில்லை.

"டெஸ்," என்றாள் என்னிடம், "அவ வர்றாளோ இல்லையோ, அதைப் பத்தி எனக்குக் கவலையில்ல. 'என்கூட வந்துடு'ன்னு கூப்பிடறாளாம். ஒரு நாள் இவன் வண்டியை விட்டு இறங்கி, அவ பின்னாடியே ஏரிக்குள்ள நடந்துடுவான். அப்புறம் நான் ரெண்டு பேரையும் சேத்துப் புதைக்கணும். நீ எத்தனையோ மண்டைகளுக்குள்ள வெளிச்சம் போட்டிருக்கேன்னு பீத்திக்கறியே, என் தம்பி மண்டைக்குள்ளயும் கொஞ்சம் போடேன்."

அதற்காகத்தான் அவனை முகாமுக்குக் கூட்டி வந்தாள். நானும் முந்தைய நாள் முழுக்க வெளிச்சம் போட்டேன். துக்கம் எப்படிக் காதை ஏமாற்றும், கானல் எப்படிக் கண்ணை ஏமாற்றும் என்று படம் போட்டு விளக்கினேன். மெர்வ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா வரையற வாத்தியாரே" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் காலை டாங்க் போச்சு. நாற்பத்திரண்டு டிகிரி வெயில், முகாமில் குடிக்க ஆரஞ்சுச் சாறு மட்டும். நல்லவேளை, மெர்வின் லாரி இருந்தது. டவுனுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்றான். திரும்பி வரும்போது எப்படியும் இரண்டு மணி ஆகும். ஏரிச் சாலையில்தான் வர வேண்டும்.

அப்போது எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. எனக்கு யோசனை பளிச்சிட்டால் வான்டா உடனே பாத்திரங்களை எடுத்து உள்ளே வைப்பாள். அன்றும் வைத்தாள்.

"மெர்வ்," என்றேன். "அவ உன் மண்டைக்குள்ள மட்டும் இருந்தா, உனக்குத் தெரிஞ்சதுதான் அவளுக்கும் தெரியும். சரிதானே?"

"சரி."

"அப்ப உனக்குத் தெரியாத ஒண்ணை அவகிட்ட கேளு. நான் ஒரு டப்பாக்குள்ள ஒரு சாமானை வெச்சு மூடறேன். என்னன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு கேட்டுட்டு வா. அவ சரியாச் சொன்னா நான் இந்த வேலையையே விட்டுடறேன். தப்பாச் சொன்னா…"

"தப்பாச் சொன்னா?"

"அந்த இடத்துல இனிமே வண்டியை நிறுத்தாதே."

அவன் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அது விளையாட்டு இல்லை. தோற்றால் மனைவியை இரண்டாம் தடவை இழக்க வேண்டும். வான்டாவுக்கும் விளையாட்டு இல்லை. அவன் தோற்காவிட்டால் தம்பியை இழக்க வேண்டும். எனக்கு மட்டும்தான் கொஞ்சம் விளையாட்டாக இருந்தது.

"சரி," என்றான் மெர்வ்.

சமையலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். காலிப் பிஸ்கட் டப்பா ஒன்று. உள்ளே எதைப் போடுவது? யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். கால்சட்டைப் பையில் கை விட்டேன். புழுதியிலிருந்து பொறுக்கிப் போட்டிருந்த பித்தளைக் குழாய், திருகோடு, கனமாக இருந்தது. அதை ஒரு துண்டில் சுற்றினேன், ஆட்டினால் சத்தம் வராதபடி. டப்பாவில் வைத்தேன். மூடி, ஒட்டுநாடாவை நாலு பக்கமும் ஒட்டினேன். வைத்தேன். என் கையால் வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் இதைக் கேட்ட யாரும் நம்பியதில்லை.

குழாயைப் பிடித்தபடி செத்தவளிடம் போய்க் குழாயை வைத்துச் சோதனை செய்கிறோமே என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. தெளிவாக யோசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் இந்த லட்சணத்தில்தான் இருந்தேன்.

டப்பாவை யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நானும் லாரியில் ஏறினேன்.

திரும்பும் வழி. தண்ணீர் நிரம்பிய லாரி முனகிக்கொண்டு வந்தது. மேடு பள்ளமான சாலை, பல்லெல்லாம் ஆடியது. வலது பக்கம் ஏரி… வெள்ளை. கண்ணைச் சுருக்கினாலும் வெள்ளை. மெர்வ் சாலையையே பார்த்து ஓட்டினான். ஒரு வளைவில் லாரி தானாகவே வேகம் குறைந்தது போல இருந்தது. நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான்.

"நீ வண்டியை விட்டு இறங்காதே," என்றான். இறங்கிப் பின்பக்கம் போனான்.

சத்தமே இல்லை. சூடான இரும்பு சுருங்குகிற 'டிக்… டிக்…' மட்டும். பக்கக் கண்ணாடியில் மெர்வ் தெரிந்தான். லாரியின் பின்சக்கரத்துக்கு அருகே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, உயரம் குறைந்த ஒருவருடன் பேசுகிறவனைப் போல நின்றான். எதிரே யாரும் இல்லை. உதடு அசைந்தது. வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் வாசனை வந்தது. தேங்காய். வெயிலில் சூடேறிய தேங்காய்க் களிம்பு.

'நீயும் பூசியிருக்கிறாயே, மடையா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகர்ந்து பார்த்தேன். என்னுடையது எலுமிச்சை.

தப்…

சாலை புழுதி. புழுதியில் செருப்புச் சத்தம் அப்படிக் கேட்காது. களிமண் தரையில்தான் கேட்கும். தப்… தப்… பின்னால் மெர்வ் இருந்த இடத்திலிருந்து வரவில்லை. என் கதவுப் பக்கம். கீழே. சன்னலுக்கு அடியில் வந்து நின்றது.

குனிந்து பார்த்திருக்கலாம். பார்ப்பதுதானே என் வேதம்? முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: பயமாக இருந்தால் பார், பார்த்தால் பயம் போகும். நான் பார்க்கவில்லை. டப்பாவை இறுகக் கட்டிக்கொண்டு, நேரே முன்கண்ணாடியில் செத்து ஒட்டியிருந்த ஒரு வெட்டுக்கிளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்டுக்கிளியின் ஒவ்வொரு காலும் எனக்கு இன்றும் மனப்பாடம்.

தொடையில் சில்லென்று ஏதோ பட்ட மாதிரி இருந்தது. அந்த வெயிலில்… சில்லென்று. பிறகு இல்லை.

பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்தது. ஏரிப் பக்கமாக. கொஞ்சத் தூரம் போய் நின்றது. அங்கிருந்து இன்னொரு சத்தம். மெல்லிய, காய்ந்த சத்தம்.

கிறீச்… கிறீச்…

திறந்து மூடுகிற சத்தம். மறுபடி திறக்கிற சத்தம். லாரியின் வால்வை மெர்வ் சோதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். மெர்வ் இரண்டு கையிலும் தொப்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தான்.

அவன் வந்து ஏறினான். முகம் வியர்க்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்:

"டப்பா காலியாம்."

அப்பாடா! தப்பு. சுத்தமாகத் தப்பு. குழாய் உள்ளே இருக்கிறது, நானே வைத்தேன். மெர்வ் பிழைத்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த அதே நொடி எனக்கு அழுகை வந்தது, அதற்குக் காரணம் கேட்காதீர்கள். மெர்வ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் பார்க்கிற பார்வை. தோற்றவன் அவன், பாவம் பார்ப்பவனும் அவன்… அன்று அது எனக்குப் புரியவில்லை.

"வேற ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

ஸ்டியரிங்கிலிருந்து மூன்று விரலை மட்டும் தூக்கினான், அதாவது அனேகமாக இல்லை. எங்கள் பழக்கத்தை அவன் முதல்முதலாகக் கடைப்பிடித்தது அப்போதுதான்.

முகாமில் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நாடா எங்கேயும் பிரியவில்லை, வான்டாவே தடவிப் பார்த்துச் சொன்னாள். கத்தியால் கிழித்தாள். திறந்தாள்.

துண்டு இருந்தது. பிரித்தாள். உதறினாள்.

கொஞ்சம் வெள்ளை உப்பு உதிர்ந்தது. அவ்வளவுதான்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். "வாத்தியாரே, சாமானை வைக்க மறந்துட்டியா?" "டாங்கை மறந்த ஆளுக்கு டப்பா எம்மாத்திரம்!" நான் சத்தியம் செய்தேன். சத்தியம் எங்கள் கூட்டத்தில் செல்லாது. வான்டா முறைப்படி வாக்கெடுத்தாள். "ரெண்டுல எது நடக்கக்கூடியது? செத்த பொம்பளை மூடின டப்பாலேர்ந்து குழாயை எடுத்தாளா, இல்ல டெஸ் மறந்தானா? மறந்தான்கிறதுக்கு விரல் காட்டுங்க. கண்ணை மூடு… ஒண்ணு, ரெண்டு, மூணு."

கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு. நான் சொல்லிக்கொடுத்த பாடம், என்மேலேயே அழகாக வேலை செய்தது. அதைவிட ஆச்சரியம், மெர்வும் ஒன்பது. ஜெயித்தவன் அவன்! 'காலி' என்றான், காலியாக இருந்தது. மேஜையை அடித்துக் கத்தியிருக்கலாம். அமைதியாக ஒன்பது விரலைக் காட்டிவிட்டுத் தண்ணீர் இறக்கப் போய்விட்டான்.

நானும் என் கையைப் பார்த்தேன். ஐந்து விரல் நின்றிருந்தது. என்னையே எனக்குப் பாதிதான் நம்ப முடிந்தது.

அன்றோடு மெர்வ் அந்த வளைவில் லாரியை நிறுத்துவதில்லை. கேட்டால், "அவ இப்ப அங்க வர்றதில்ல" என்பான். சாப்பிட ஆரம்பித்தான். சிரிக்க ஆரம்பித்தான். வான்டா என்னைக் கட்டிப்பிடித்து, "மறந்தாலும் நல்லதுக்குத்தான் மறந்திருக்க" என்றாள். மெர்வ் சங்கத்தின் முதல்தர ஆசிரியன் ஆனான். ஆண்டுதோறும் இந்த முகாமில் அவனிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். அன்றைக்கு அவள் வேறு என்ன சொன்னாள்? ஆண்டுதோறும் அதே மூன்று விரல்.

கதை வழக்கமாக இங்கே முடியும். இன்றைக்குக் குளிர் அதிகமாக இருக்கிறது, நெருப்பும் நன்றாக எரிகிறது, ஆகவே இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு வேடிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். என் வீட்டுச் சமையலறைக் குழாய். அந்த ஜனவரியிலிருந்து ஒரு வியாதி அதற்கு. பிற்பகல் இரண்டு மணியானால்… கிறீச், கிறீச். நான் கூடத்தில் இருப்பேன். போய்ப் பார்த்தால் திருகு முழுக்கத் திறந்திருக்கும். தண்ணீர் வராது. நான் மூடித் திறந்தால் வரும். பிளம்பர் வந்தான், வாஷரை மாற்றினான். இன்னொருவன் வந்தான், குழாயையே மாற்றினான். வெயிலுக்கு உலோகம் விரிகிறது, அவ்வளவுதான். எட்டு விரல். குளிர்காலத்திலும் கேட்கிறதே என்றால்… சரி, ஏழு.

இப்போதெல்லாம் வாசற்படியில் கிளிகளுக்கென்று ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன். பாவம், வாயில்லா ஜீவன்கள். மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். எங்கள் டவுன் தண்ணீரே கொஞ்சம் உப்புதான். தண்ணீர் வைத்த நாட்களில் குழாய் கத்துவதில்லை, அதுவும் தற்செயலாகத்தான்… ஏன் யாரும் சிரிக்கவில்லை? இது வேடிக்கை என்று சொன்னேனே.

மெர்வ்? என்னப்பா, தொப்பியைக் கழற்றிவிட்டாய்?

"இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே, வாத்தியாரே," என்றான்.

"கேட்டாத்தானே சொல்ல? நான் கேட்டதுக்கு நீ என்னிக்காவது பதில் சொல்லியிருக்கியா? அன்னிக்கு அவ வேற என்னதான்யா சொன்னா?"

மெர்வ் கைகளை மெல்லத் தூக்கினான். நெருப்பு வெளிச்சத்தில் விரல்கள் விரிந்தன. பத்து. இத்தனை வருஷத்தில் அவன் பத்து காட்டி நான் பார்த்ததில்லை. வான்டா பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"'டப்பா காலி, உள்ள இருந்ததை நான் எடுத்துக்கிட்டேன்'னு சொன்னா. 'திறந்து திறந்து பாக்கறேன், இதுலயும் தண்ணி வரலியே, யாரு இதை உடைச்சது'ன்னு கேட்டா. உன் பேரைச் சொன்னேன்."

கைகளை இறக்கினான்.

"வீடு எதுன்னு கேட்டா. அதையும் சொல்லிட்டேன்."